கதவின் உள்பக்கம்

வேனின் பின்கதவைத் திறந்துவிட்டு அத்தான் அப்படியே நின்றார். உள்ளே ஓர் அலமாரியின் இரண்டு கதவுகள் கிடந்தன. ஒன்று வெறுமனே கிடந்தது. மற்றொன்று சேலையில் சுற்றியிருந்தது. கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் சின்னச் சின்ன மாங்காய். என் அக்கா தனம் வீட்டில் கட்டுகிற நூல் சேலை. அவள் போய் அப்போது ஒரு வருடம்கூட நிரம்பவில்லை.

“என்ன அத்தான், கதவுக்குச் சேல கட்டி கூட்டிட்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டேன். எனக்கு வாய் அப்படி. துக்க வீட்டில்கூட எதையாவது சொல்லித் தொலைத்துவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

அத்தான் சிரிக்கவில்லை. “மெதுவா எறக்கணும் கமலா. உள்பக்கம் எதுலயும் ஒரசக்கூடாது” என்றார்.

செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியை ஆயுசு முழுக்க ஓட்டிய மனிதர் அவர். குலைகளை எண்ணெய் ஆலை முற்றத்தில் கொட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த நடைக்குக் கிளம்புகிறவர். அன்றைக்கு அந்தக் கதவை ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த பிள்ளையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை மேசையில் கிடத்தி, அவரே சேலையைப் பிரித்தார்.

தண்ணீர் ஏறிய வீடு

ஊர்ப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். அவசரத்துக்கு பெர்ஜுந்தாய். அக்கா வீடு அங்கே, ஆற்றுக்குக் கொஞ்சம் பக்கத்தில். எங்கள் பட்டறை கோலசிலாங்கூர் போகிற சாலையில் இருக்கிறது. அடுப்படிக் கேபினட், அலமாரி, சாமி மேடை எல்லாம் செய்கிறோம். அறுப்பதும் பொருத்துவதும் என் வீட்டுக்காரர். வினீர் ஒட்டுவது நான்.

வினீர் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: நல்ல மரத்தை அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவி எடுத்த தாள். அதைச் சாதாரணப் பலகையின் மேல் ஒட்டினால், பார்க்கிறவர் முழுமரம் என்றே நினைத்துக்கொள்வார். தொழிற்சாலையில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அந்தப் பசை வாடையைப் படித்ததுமே தலை வலித்ததாக ராசா என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். படித்த உங்களுக்கே வலித்தது என்றால், வருடக்கணக்கில் அதற்குள் நின்ற எனக்கு எப்படி இருந்திருக்கும் அம்மா!

சரி, கதவுக்கு வருகிறேன். அந்த மழைக்காலத்தில் ஆறு ஏறி அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் இறங்கியபோது அலமாரிக் கதவுகளின் வெளிப்பக்கத்து வினீர் கீழிருந்து எழும்பி, தோல் உரிந்து தொங்கியது. சேற்றுக் கறை வேறு.

அதே நேரத்தில்தான் அக்கா மகன் முகிலனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். அக்காவின் தலைத்திவசம் முடிந்ததும் கல்யாணம். அதற்கு முன்பே பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. முகிலன் ஷா ஆலாமில் வேலை செய்கிறவன். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவோடு பெர்ஜுந்தாயில்தான் இருப்பது என்று முடிவு செய்திருந்தான். நல்ல பிள்ளை. ஆனால் அந்த அலமாரியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

“இத இன்னுமா வச்சிருக்கீங்கப்பா? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாம் லா. பொண்ணு வீட்டுல பாத்தா என்ன நெனைப்பாங்க?”

அத்தான் பிடிவாதமாக மறுத்திருக்கிறார். கடைசியில், சின்னம்மா அதைப் புதுசு மாதிரி ஆக்கித் தந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் குப்பை லோரியில் ஏற்றிவிடலாம் என்று பேச்சு முடிந்திருக்கிறது. அந்தச் சின்னம்மா நான். அதனால்தான் அத்தான் கதவுகளைக் கழற்றிக்கொண்டு என்னிடம் ஓடி வந்திருந்தார்.

பொட்டைத் தூக்கிப் போடக்கூடாது

சேலையைப் பிரித்ததும் கதவின் உள்பக்கம் தெரிந்தது.

உள்பக்கம் முழுக்கப் பொட்டு. ஒட்டுப் பொட்டு. தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலே, ஒரு பெண்ணின் கை எட்டும் உயரம்வரை, வரிசை வரிசையாக அக்காவின் பொட்டுகள். பெரும்பாலும் குங்குமச் சிவப்பு. இடையில் ஒன்றிரண்டு கறுப்பு, தைப்பூசத்துக்கு வைத்த மஞ்சள், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த கல் வைத்த பொட்டு ஒன்று. நான் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவும் இல்லை.

அக்கா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தவள். வேலை முடிந்து வந்து, சாயங்காலம் குளிக்கப் போகும் முன் அலமாரியைத் திறந்து மாற்றுத்துணி எடுப்பாள். எடுக்கிற கையோடு நெற்றிப் பொட்டைப் பிய்த்துக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவாள். பசை இருக்கிற வரைக்கும் அதையே திரும்ப எடுத்து வைத்துக்கொள்வாள். பசை செத்ததும் கதவிலேயே அழுத்தி விட்டுவிடுவாள்.

“ஏன்க்கா, அதத் தூக்கிக் கடாசேன். அட்டைல இன்னும் எவ்வளவு இருக்கு!” என்று நான் கத்தியிருக்கிறேன்.

“போடி இவளே. நெத்தியில இருந்தத குப்பையில போடுவாங்களா? அவர் நல்லா இருக்கணும்ல” என்பாள்.

அவர் நல்லாத்தான் இருந்தார். போனது இவள்.

நாங்கள் வளர்ந்த தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே ஒரு சாந்துப்பொட்டு டப்பா இருந்தது. அம்மா, அக்கா, நான், மூன்று பேருக்கும் அதுதான். நான் தொழிற்சாலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியபோது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அக்காவுக்கு ஓர் அட்டை ஒட்டுப் பொட்டு வாங்கினேன். அதை அவள் எத்தனை மாதம் ஓட்டினாள் என்று நினைக்கிறீர்கள்! கஞ்சப் பிசினாறி என்று கிண்டல் பண்ணுவேன். இதெல்லாம் அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

அத்தான் குனிந்து, கீழ்வரிசையின் கடைசியில் தனியாக இருந்த ஒரு பொட்டைக் காட்டினார்.

“இது நான் வச்சது. ஸ்கேனுக்குக் கொண்டு போறப்போ எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க. தாலி, தோடு, வளையல் எல்லாம் என் கையில குடுத்தா. பொட்ட மட்டும் எடுத்து என் போன் பின்னாடி ஒட்டினா. ‘வந்து வச்சுக்கிறேன், தொலைச்சிடாதீங்க’ன்னா.”

அதற்கு மேல் நடந்தது எனக்கும் தெரிந்த கதைதான். வயிற்றில் கட்டி. அந்த ஸ்கேனுக்குப் பிறகு அவள் வீடு திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்தான் அந்தப் பொட்டைப் போனிலிருந்து எடுத்துக் கதவில் ஒட்டியிருக்கிறார்.

“வெளிப்பக்கத்த எப்படி வேணும்னாலும் பண்ணு கமலா. உள்பக்கத்தத் தொடாத.”

இழுப்புக்கு இழுப்பு

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்து நின்றது.

வினீர் ஒட்டுவதில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டக்கூடாது. பசை காயக் காய வினீர் சுருங்கும். சுருங்கும்போது பலகையைத் தன் பக்கம் இழுக்கும். மறுபக்கமும் ஒரு தாள் ஒட்டியிருந்தால், அது தன் பக்கம் இழுக்கும். இழுப்புக்கு இழுப்பு சரியாகிப் பலகை நேராக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், இன்றைக்கு நன்றாக இருக்கும். போகப் போகக் கதவு வளைந்துவிடும். பின்பக்கத்துக்கு மட்டமான வினீர்கூடப் போதும், ஆனால் போடாமல் விடக்கூடாது என்று தொழிற்சாலையில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா காது புளிக்கச் சொல்வார்.

அத்தானிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். “வளைஞ்சா வளையட்டும்” என்றார்.

“வளைஞ்சா கதவு மூடாது அத்தான்.”

“தொறந்து கெடக்கட்டும். எனக்கென்ன, உள்ள நகையா இருக்கு?”

“பொட்ட மெதுவா பிரிச்சு, வினீர் ஒட்டிட்டு, அதே மாதிரி திரும்ப ஒட்டித் தரட்டா?”

“அது நீ ஒட்டினதா இருக்கும்.”

பசையெல்லாம் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தது. பிரித்தால் பாதி பொடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் விடவில்லை. புதுக் கதவு ஒன்று செய்து அலமாரிக்கு மாட்டிவிட்டு, இந்தக் கதவைப் பத்திரமாகச் சுவரில் மாட்டித் தருகிறேன் என்றேன்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. “சுவத்துல ஏற்கெனவே ஒண்ணு மாலையோட தொங்குது கமலா. அதப் பாத்தாலே அவ இல்லன்னுதான் தோணுது. காலைல சட்டை எடுக்க இந்தக் கதவத் தொறந்தா, அவ குளிக்கப் போயிருக்கிற மாதிரி இருக்கு. அது போதும் எனக்கு.”

வளைந்தால் வளையட்டும் என்று நானும் துணிந்துவிட்டேன்.

அப்பளம் மாதிரி ஒரு தாள்

என்னிடம் ஒரு ஜோடி வினீர் இருந்தது. தொழிற்சாலையை மூடியபோது, முதலாளியான சீனத் தௌக்கே, “உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்” என்று மலாயில் சொல்லிக் கொடுத்தது. மரத்தில் கட்டி விழுந்த இடத்தை அறுத்து எடுத்த வினீர். நார் நேராக ஓடாமல் சுழித்துச் சுழித்து, தேன் நிறமும் காப்பி நிறமுமாகக் கலந்திருக்கும். அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்கள். புத்தகத்தைத் திறப்பதுபோலப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்தப் பக்கத்துச் சுழி அந்தப் பக்கத்தில் அப்படியே எதிரொலிக்கும். என் வீட்டுக்கு ஒருநாள் நல்ல அலமாரி செய்யும்போது ஒட்டலாம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

மரத்துக்குக் கட்டி வந்தால் அதற்கு இத்தனை அழகு, இத்தனை விலை. என் அக்காவுக்கு வந்த கட்டி அவளை மூன்று பிடி எலும்பாக்கிக் கொண்டுபோனது. இதில் என்ன நியாயம் இருக்கிறது? சாமியிடம் கேட்டுவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

இந்த மாதிரி வினீர் நேராக இருக்காது. பொரித்த அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படியே வைத்து அழுத்தினால் படாரென்று உடையும். முதலில் அதைப் பழக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரினும் துளி வெள்ளைப் பசையும் கலந்து இரண்டு பக்கமும் தடவினேன். தாள் குழைந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே, மேலும் கீழும் வெள்ளைத்தாள் விரித்து வைத்து மெல்ல அழுத்தம் கொடுத்தேன். தாள் ஈரத்தைக் குடிக்கக் குடிக்க, நனைந்த தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் பூசணம் பிடிக்கும். செய்தித்தாள் வைத்தால் மை ஏறிக்கொள்ளும். நீங்கள் படிக்கும் இந்த வாரப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அத்தான் தினமும் வந்தார். வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நான் தாள் மாற்றுவதைப் பார்ப்பார். “ஆச்சா?” என்பார். “இன்னும் இல்ல அத்தான், மொரண்டு புடிக்குது” என்பேன். “உங்கக்கா மாதிரி” என்பார். இரண்டு பேரும் கொஞ்சம் சிரிப்போம். அதற்குப் பிறகு நான் அடுத்த தாளை எடுப்பேன்.

தாள் ஒருவழியாக நேரானதும், கதவுகளின் பழைய தோலைச் சுரண்டி எடுத்து, ஊறிப்போன அடிப்பகுதியை அடைத்துத் தேய்த்தேன். இடது கதவில் பொட்டு எதுவும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் முறைப்படி ஒட்டினேன். வலது கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் கீழே இருக்கும்படி கிடத்த வேண்டும் அல்லவா? அந்தக் கத்தரிப்பூச் சேலையையே மெத்தையாக மடித்துப் போட்டு, அதன்மேல் கதவைக் கிடத்தினேன். பசையைப் பலகையில் மட்டும் பூசி, வினீரை வைத்து, மேலே பலகை போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கிளாம்புகளை முறுக்கிக்கொண்டு போனேன். வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைத்து வைத்தேன். வேறு எந்தக் கதவுக்கும் அப்படிச் செய்ததில்லை.

மறுநாள் கிளாம்பை எடுத்து, நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தேன். எங்கும் காற்று நிற்கவில்லை. கதவைப் புரட்டினோம். அத்தான் மற்ற எதையும் பார்க்கவில்லை. நேரே கீழ்வரிசையின் கடைசிப் பொட்டைப் பார்த்தார். இருந்தது. “அப்பாடா” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே நான் இன்னொரு காரியமும் செய்தேன். வலது கதவின் உள்பக்க அளவுக்கு ஒரு சாதாரண வினீரை வெட்டி, பழக்கி, நேராக்கி, பலகைக்கு நடுவே வைத்துவிட்டேன். என்றைக்காவது அந்தக் கதவு ரொம்பவும் வளைந்து, அத்தான் மனம் மாறினால் ஆகட்டும் என்று. தொழில்காரியின் புத்தி, வேறென்ன!

பெண் வீட்டார்

பெண் வீட்டார் கலும்பாங்கிலிருந்து வந்தார்கள். மெருகு போட்ட கதவுகள் அறை வாசலில் நிற்கும்போதே கண்ணில் படும். பெண்ணின் அம்மா நேரே அலமாரிக்குப் போய் அந்தச் சுழியைத் தடவிப் பார்த்தார்.

“புது அலமாரியா? ரொம்ப வெலையா இருக்குமே!”

முகிலன் என்னைப் பார்த்து இளித்தான். “சின்னம்மா செஞ்சது ஆன்ட்டி” என்று பெருமை வேறு. தூக்கிப் போடச் சொன்னவன் இவன்தான் என்று போட்டுக்கொடுக்க எனக்கு வாய் துறுதுறுவென்றது. அத்தான் முகத்தைப் பார்த்தேன், விட்டுவிட்டேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தார். அலமாரி தப்பித்துவிட்டது.

கல்யாணம் நடந்தது. மருமகள் ஷாலினி வந்தாள். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) வாய் நிறைய மாமா, மாமா என்று கூப்பிடுகிற பெண். காலையில் வேலைக்குப் போகும் முன் மாமாவுக்குத் தோசை வார்த்து மூடி வைத்துவிட்டுத்தான் போவாள். அத்தானுக்கு உடம்பில் கொஞ்சம் சதை வைத்தது.

கதவு நான் சொன்னபடியே செய்தது. முதலில் மேல்மூலை நகக்கண் அளவு வெளியே வந்தது. பிறகு கீழ்மூலை. கொஞ்ச நாளில் காந்தம் பிடிக்காமல், வலது கதவு தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது. மாட்டியபோது இரண்டு கதவிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த சுழிகள் இப்போது ஒட்டாமல் நின்றன. எனக்குப் பார்க்கப் பார்க்கக் கை அரிக்கும்.

“எப்படி அத்தான், உள்பக்கமும் போட்டுடலாமா? தாள் வெட்டித் தயாரா வச்சிருக்கேன்” என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன்.

“போ கமலா. இப்பதான் வசதியா இருக்கு. தொறக்கக்கூட வேணாம், அதுவே தொறந்துக்குது” என்றார்.

பொங்கலுக்கு வீடு கழுவியது

பொங்கலுக்கு முந்தைய வாரம் அத்தான் போன் செய்தார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

“கமலா, உள்பக்கம் ஒட்ட ஒரு தாள் வெட்டி வச்சிருக்கேன்னியே. இருக்கா?”

“இருக்கு. ஏன் அத்தான்?”

“ஒட்டிடலாம்.”

கதவு மிகவும் வளைந்துவிட்டது போலிருக்கிறது, மகன் ஏதோ சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் வேனை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பளபளவென்று இருந்தது. திரைச்சீலை எல்லாம் துவைத்து, ஜன்னல் கம்பி துடைத்து, தரையில் சோப்பு வாசனை. ஷாலினி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“சின்னம்மா, வாங்க வாங்க. தனியாவே மொத்த வீட்டையும் கழுவிட்டேன், தெரியுமா! முகில் ஒரு ஹெல்ப் இல்ல. உள்ள வாங்க, அலமாரியப் பாருங்க.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வலது கதவு வழக்கம்போலத் திறந்து கிடந்தது. உள்பக்கம் வெறும் பலகை.

“ஃபுல்லா பழைய பொட்டு சின்னம்மா. அத்தை போனப்புறம் மாமா ஒருத்தர்தானே, கவனிக்காம விட்டுட்டாங்க போல. பசை வரவே மாட்டேங்குது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, ஒரு மத்தியானம் பூரா ஒக்காந்து எடுத்தேன். ஸ்மெல் போக எலுமிச்சம்பழம் வேற போட்டேன். கை பாருங்க, எப்படி ஆயிடுச்சு.”

விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

அடி பாவி மகளே என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஷாலினிக்குப் பின்னால் அத்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்.

“நல்லா சுத்தமா இருக்குல்ல கமலா?” என்றார்.

என் ஆயுளில் நான் விழுங்கிய வார்த்தைகள் குறைவு. அன்றைக்கு விழுங்கினேன். “ஆமா, ரொம்ப சுத்தம்” என்றேன். அந்தப் பெண்ணின் முகம் பூரித்துப்போனது. டீ போட்டு வருகிறேன் என்று அடுப்படிக்கு ஓடினாள்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்துக்கு அத்தானை இழுத்துக்கொண்டு வந்தேன். “என்ன அத்தான் இது? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கக்கூடாதா?”

“யாருகிட்ட சொல்றது? முகிலனுக்கே தெரியாது. பொண்டாட்டியோட பழைய பொட்டப் பாத்துட்டு நிக்கிறேன்னு புள்ளைகிட்ட எப்படிச் சொல்லுவேன்? வெக்கமா இருக்காதா?”

“குப்பையில தேடிப் பாத்தீங்களா?”

“நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள குப்பை லோரி வந்துட்டுப் போயிடுச்சு. பின்னாடியே மோட்டார் சைக்கிள்ல கொஞ்ச தூரம் போனேன்.” அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதுகிட்ட எதுவும் சொல்லிடாத கமலா. நல்ல மனசோட செஞ்சிருக்கு. இப்பத்தான் வந்திருக்கு. தெரிஞ்சா அது இந்த வீட்டுல எப்படி நிம்மதியா சோறு தின்னும்? தனம் இருந்திருந்தா அவளும் இதத்தான் சொல்லியிருப்பா.”

சொல்லியிருப்பாள். அவளைத் தெரிந்த எனக்கும் அது தெரியும். அதனால் அழுகை இன்னும் அதிகமாகத்தான் வந்தது.

ஷாலினி மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவளுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

இதுதான்

கதவைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். இந்த முறை சேலை எதுவும் சுற்றவில்லை. வேனின் தரையில் அப்படியே கிடத்தினார் அத்தான். அதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

மேசையில் வைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஈரம் பட்டதும் பலகையில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. வருடக்கணக்கில் பலகை வெளுப்பு மங்கிப் பழுப்பேறியிருந்தது. பொட்டு இருந்த இடம் மட்டும் பழைய வெளுப்பிலேயே நின்றிருந்தது. ஷாலினி எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. வரிசை வரிசையாக, அக்கா வைத்த இடத்தில் அப்படியே.

அத்தானைப் பார்த்தேன். “அத்தான், வேணாம். அடையாளம் இருக்கு பாருங்க. இப்படியே விட்டுடலாம். கதவு வளைஞ்சிருந்தா இருந்துட்டுப் போவுது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார். “அந்தப் பொண்ணு இதப் பாத்தா திரும்பவும் தேய்க்கும் கமலா. சரியா போகலயேன்னு கவலப்படும். கை வேற உரிஞ்சு போச்சு. ஒட்டிடு” என்றார்.

பசை டப்பாவைத் திறந்தேன். அவர் எழுந்து வந்து, கீழ்வரிசையின் கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அது மற்றவற்றைப்போல வெளுப்பாகக்கூட இல்லை. அங்கே ஒட்டி அதிக நாள் ஆகவில்லை அல்லவா? அந்த இடம் சரியாக அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“இதுதான்” என்றார். விரலை எடுத்துக்கொண்டார்.

நான் பசையைப் பூசினேன். மேலிருந்து கீழே, வரிசை வரிசையாக வட்டங்கள் மறைந்தன. பலகைக்கு நடுவே அத்தனை மாதம் காத்திருந்த வினீரை எடுத்து வைத்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. என் கைவேலை அத்தனை கச்சிதமாக இருந்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த முறை கிளாம்புகளை முழு அழுத்தத்துக்கு முறுக்கினேன். வளைந்த கதவை நிமிர்த்த வேண்டுமே.

பொங்கலுக்கு முன்பாகவே கொண்டுபோய் மாட்டினோம். பசை காயக் காய, உள்பக்கத்துத் தாள் இழுத்து, கதவு கிட்டத்தட்ட நேராகியிருந்தது. இரண்டு கதவின் சுழிகளும் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன. ஷாலினி ஒரு கதவைத் திறந்து விட்டாள். அது மெல்லத் திரும்பிப் போய், டக் என்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைபோல இன்னொரு முறை திறந்து விட்டுப் பார்த்தாள்.

“சூப்பர் சின்னம்மா! மாமா, பாத்தீங்களா, இப்பதான் நல்லா மூடுது.”

அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ஆமாம்மா” என்றார். “இப்ப மூடிடுச்சு.”